தகர மனிதனின் வலது கால்

1976இல் திருச்சியில் பொம்மை ரோபோ சேகரித்த பெரியவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், பாலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுவோம். நான் செல்வமேரி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. கல்யாணமாகாதவள் பூனை வளர்த்தால் தெரு ஒப்புக்கொள்ளும், ஜப்பான் தகரப் பொம்மைகளை அலமாரியில் அடுக்கினால் ஒப்புக்கொள்ளாது. தெரு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானும் கேட்டதில்லை.

இரண்டாமவர் வரது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு, ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. மற்ற விஷயங்களில் அளந்துதான் பேசுவார், ரோபோ என்று வந்துவிட்டால் வாய் ஓயாது. மூன்றாமவர் பரக்கத் அலி, பெரிய கடைவீதியில் பாரின் சாமான் கடை வைத்திருந்தார். பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்த் திரும்புகிறவர்களின் டிரங்குப் பெட்டிகள் கடைசியில் அவர் கடைக்குத்தான் வரும். எங்கள் பொம்மைகள் எல்லாம் அந்தப் பெட்டிகளின் அடியில் கிடந்தவை.

எங்களுக்குள் ஒரே சண்டைதான், அது எந்த மாதமும் தீர்ந்ததில்லை. பெயின்ட் போன ரோபோவுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா, கூடாதா? அடிக்கவே கூடாது என்பது வரதுவின் கட்சி. தொழிற்சாலையில் பூசியது ஒன்று, அதிலிருந்து வருஷங்கள் உரித்துக்கொண்டது ஒன்று, மூன்றாவதாக ஒரு கை அதில் படக்கூடாது என்பார். நான் எதிர்க்கட்சி. என் அப்பா அமிர்தசாமி சுரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். எங்கள் கோயிலில் திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு புனிதரும் புது எனாமலில் பளபளவென்று நிற்பார். துருவை அப்படியே விட்டுவைப்பதற்குப் பெயர் மரியாதை இல்லை, சோம்பேறித்தனம் என்பேன்.

"எங்க பெருமாளுக்கு யாரும் எனாமல் அடிக்கறதில்லை. தைலக்காப்புதான்" என்பார் வரது.

"உங்க பெருமாள் தகரமில்லையே சார்" என்பேன்.

பரக்கத் அலி இரண்டு கட்சியிலும் சேரமாட்டார். "சாவி குடுத்தா நடக்குதா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்பார்.

அந்த வருஷம் பினாங்குப் பெட்டி ஒன்றில் சாம்பல் நிற ரோபோக்கள் இரண்டு, ஒரே அச்சில் வார்த்தது போல, கிடைத்தன. இரண்டையும் நானே எடுத்துக்கொண்டேன். ஒன்று நன்றாக இருந்தது. மற்றொன்று கூரை ஒழுகி நனைந்து உடம்பெல்லாம் துரு. அப்பா அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, சாம்பல் எனாமல் அடித்து, மார்புக்கு மட்டும் சிவப்பு கொடுத்தார். முதல் ஞாயிறு அதை வரது முன்னால் வைத்தேன். அவர் கையில்கூட எடுக்கவில்லை.

"இது ரோபோ இல்லை செல்வமேரி. ரோபோ வேஷம் கட்டிண்டிருக்கு" என்றார். பரக்கத் அலி சிரித்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது. மறுநாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது அந்த ரோபோவை அப்பாவிடம் கொடுத்து, "இதைப் பழசாக்கிக் குடுங்க. இருபது வருஷம் ஒரு பிள்ளை வச்சு விளையாடின மாதிரி இருக்கணும்" என்றேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. உப்புத்தாள், தேங்காய் நார், டீ டிகாக்ஷன், விளக்குப் புகை என்று என்னென்னவோ செய்திருக்கிறார். மாலை நான் திரும்பியபோது மேஜைமேல், மார்புச் சிவப்புகூடத் தெரியாத ஒரு கிழட்டு ரோபோ நின்றது. நானே அசந்துபோனேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில், எக்ஸ்சேஞ்ச் சிநேகிதி ஒருத்தி வீட்டுப் பரணில் கிடைத்தது என்று பொய் சொல்லி அதை நடுவில் வைத்தேன். வரது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் எதையுமே காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார், பெருமாளைப் பாதத்தில் தொடங்கிச் சேவித்துப் பழகிய கண்.

"பாதத்தைப் பாருங்கோ" என்றார். குரலே மாறிவிட்டது. "பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சிருக்கு. இந்த மாதிரித் தேய்மானத்தை நான் பாத்ததே இல்லை. இதை எனக்குக் குடுங்கோ. பச்சையை எடுத்துக்கோங்கோ."

பச்சை என்றால் அவரிடமிருந்த நடக்கும் ரோபோ. சாவி கொடுத்தால் மேஜையில் தடதடவென்று நடந்து, விளிம்புக்குப் பக்கத்தில் தானே திரும்பிக்கொள்ளும். எங்கள் மூவரிடமும் இருந்தவற்றில் அதுதான் உசத்தி. ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, உண்மையைச் சொல்லி, அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பச்சையைத் திருப்பிக் கொடுப்பது என்பது என் திட்டம்.

கொடுக்கவில்லை. ஒரு வாரத்தில் சொன்னால் அது கேலி. இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் அது ஏமாற்று. எப்போது ஒன்று மற்றொன்றாக மாறியது என்று கவனிக்காமல் விட்டுவிட்டேன். வரது வருகிற ஞாயிறுகளில் பச்சையை உள்ளே பீரோவில் வைத்துப் பூட்டுவேன். அவர் கேட்கவில்லை. அப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

1984இல் மெட்ராஸில் பொம்மை சேகரிக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கிறார்களாம். அதற்காகச் செயலாளர் வெள்ளைச்சாமி ஆகஸ்ட் முதல் ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தார். அன்று வாசிக்க வரது ஒரு கட்டுரை எழுதி, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஆறு பக்கம். ஐந்து பக்கமும் என் சாம்பல் ரோபோவைப் பற்றியே. "அசல் தேய்மானத்தை எவ்வாறு அறிவது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. இதன் இரு பாதங்களையும் பற்றியிருந்த குழந்தையின் விரல்களை நம்மால் காண முடிகிறது" என்று எழுதியிருந்தார்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"குழந்தை காலையா பிடிக்கும்? தலையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுக்கும். இடுப்பைப் பிடிச்சுத் தூக்கும்."

"அப்புறம் ஏம்ப்பா கால்ல தேய்ச்சீங்க?"

"சுரூபம்னா கால்லதானம்மா தேயும். ஜனங்க அங்கதானே தொட்டு, முத்தம் குடுத்து முத்தி செய்றாங்க? நம்ம அந்தோணியாரைப் பாரு."

அவர் வேறெந்தத் தேய்மானத்தைக் கண்டார்? நாற்பது வருஷமாகப் பக்தர்களின் கை பட்டுத் தேய்ந்த கால்களுக்குத்தான் வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் முதல் பார்வையிலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். வரதுவுக்கு மட்டும், பாதம் தேய்ந்திருப்பதைவிட இயல்பான ஒன்று உலகத்தில் இல்லை. வெள்ளைச்சாமி விவரம் தெரிந்தவர். அவர் முன்னால் வரது இதை வாசித்தால் மெட்ராஸ் வரை சிரிப்பாகிவிடும்.

சொன்னால் வரதுவின் சிநேகம் போய்விடும், சொல்லாவிட்டால் அவர் பெயர் போய்விடும். வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன்.

வாசல் கதவை ஒட்டிய மூலை அலமாரியில் சாம்பல் ரோபோ நின்றது. அவர் மனைவி வேதவதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். உங்கள் கேலிக்குப் பழிவாங்கச் செய்தேன், பினாங்குப் பெட்டியில் நனைந்து கிடந்த அதே ரோபோதான், அப்பாதான் தேய்த்தார், பச்சையைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

வரது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எட்டு வருஷமா?" என்றார்.

"ஆமாங்க."

"நீங்களும் அப்பாவும் உள்ளுக்குள்ள சிரிச்சிண்டிருந்தேளா?"

"இல்ல சார். ஒரு நாளும் சிரிக்கலை" என்றேன். அது சத்தியம்.

அவர் காபியை என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்தேன். கிளம்பியபோது வழக்கம்போல பஸ் ஸ்டாப் வரை வருவதாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது அவர் கை தானாக அலமாரிப் பக்கம் போய், பாதி வழியில் நின்றது. கதவைப் பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். பத்தரைக்கு வந்தார், துணிப்பையில் ரோபோவோடும் கட்டுரையோடும். வெள்ளைச்சாமியும் பரக்கத் அலியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நான் பச்சையை பீரோவிலிருந்து எடுத்துவந்து வரது முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்காமல் எழுந்து நின்று வாசித்தார். கட்டுரை ஒரே பக்கமாகச் சுருங்கியிருந்தது.

"இந்த ரோபோவின் தேய்மானத்தை அசல் என்று எட்டு ஆண்டுகள் நம்பினேன். அது பாலக்கரை அமிர்தசாமி அவர்களின் கைவேலை. மறுபூச்சைக் கண்ட மாத்திரத்தில் அறிவேன் என்று இதே அறையில் பலமுறை பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை வாபஸ் பெறுகிறேன்."

உட்கார்ந்துவிட்டார். என் பெயரைச் சொல்லவே இல்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

"நல்ல வேலைதான். ஆனா லிஸ்ட்ல சேக்க முடியாதுங்க" என்று வெள்ளைச்சாமி ரோபோவை மரியாதையாக ஓரத்தில் நகர்த்தி வைத்தார்.

காபித் தட்டோடு உள்ளிருந்து வந்த அப்பா தட்டை வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கும் ஆசையில் ரோபோவை எடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மேரி, இந்தக் காலை யாரு தேச்சது?"

"நீங்கதானேப்பா."

"வலது கால் என்னுது. அந்தோணியாருக்கு அங்கிக்கு வெளிய தெரியறது வலது கால் ஒண்ணுதான். அதைப் பாத்துத்தான் செஞ்சேன். இடது காலை நான் தொடவே இல்ல."

வெள்ளைச்சாமி லென்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். வலது காலில் உப்புத்தாள் கோடுகள் வரிசையாக இருந்தன, தேடினால் தெரிந்தது. இடது காலில் ஒரு கோடு இல்லை. எனாமல் ஓரத்தில் மெல்ல மெல்ல மெலிந்து, நடுவில் தகரம் வழவழவென்று மின்னியது.

"இது கை பட்டுத் தேஞ்சதுங்க. வருஷக்கணக்கா, தினமும்" என்றார்.

எல்லோரும் வரதுவைப் பார்த்தோம். அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை பாதியில் நின்ற கை ஞாபகம் வந்தது. மூலை அலமாரி, வலது கால் சுவரை ஒட்டி, இடது கால் வாசல் பக்கம்.

"ஆபீசுக்குக் கிளம்பறப்போ தொட்டுண்டு போவேன்" என்றார் வரது, ஏதோ திருடிவிட்டவர் போல. "ஒரு வழக்கம். ரெண்டு பாதமும் முன்னாடியே தேஞ்சிருந்துதுன்னுதான் நெனச்சிண்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவும் இல்லை.

வெள்ளைச்சாமி ரோபோவை மறுபடி நடுவில் வைத்து, பேனாவைத் திறந்தார். "இதை என்னன்னு எழுதறது?"

"வலது கால் அமிர்தசாமி, இடது கால் வரதுன்னு எழுதுங்கோ" என்றார் வரது.

பச்சையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"மாத்திண்டது மாத்திண்டதுதான். ஆனா இனிமே இதை பீரோல பூட்டாதீங்கோ. எட்டு வருஷமா நான் இதைப் பாக்கலை."

"சாவி குடுத்தா இன்னும் நடக்குதா?" என்றார் பரக்கத் அலி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவி கொடுத்தேன். பச்சை மேஜையில் தடதடவென்று நடந்தது. வரது குனிந்து அதன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.