மஞ்சள் ரயில் நிற்காத பதினொரு நாட்கள்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் எதிர்பார்ப்பு குறையும். வீட்டுச் சாமான்களை ஒப்பிட்டு எழுதும் ஒரு மாத இதழுக்காக நான் எழுதிக் கொடுத்த கட்டுரை இது. எண்ணூறு வார்த்தை, ஒரு அட்டவணை, கடைசியில் 'எதை வாங்கலாம்?' என்று ஒரு பெட்டிச் செய்தி. தலைப்பு: 'ரீசார்ஜ் பேட்டரி: பெரிய கம்பெனியா, கடையின் சொந்தச் சரக்கா?' எடிட்டர் வேண்டாம் என்றுவிட்டார். காரணம் ஆறாம் பகுதியில் இருக்கிறது. நேராக அங்கே தாவிவிடாதீர்கள், நடுவில் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

அதையே கதையாக்க உட்கார்ந்தபோது முதல் வரி மூன்று விதமாக வந்தது.

'மின்சாரம் என்பது அடைத்துவைக்கப்பட்ட' — (அடித்துவிட்டேன். இந்த வாக்கியம் எங்கே போகப் பார்க்கிறது என்று எனக்கே தெரியவில்லை.)

'எல்லோர் வீட்டிலும் ஒரு மேசை டிராயர் உண்டு. அதில் உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத நாலைந்து பேட்டரிகள் உருண்டுகொண்டிருக்கும்.' — (நன்றாகத்தான் வந்தது. ஆனால் இந்த டிராயர் வழியாக மாமியாரைக் கதைக்குள் கொண்டுவர முடியாது.)

'என் மாமியாரின் இடது கால் உடைந்திருக்காவிட்டால் எனக்குப் பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.'

இது சரி. இதிலிருந்து போவோம்.

2

என் மாமியார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம் தேர்வு ஹாலில் மேற்பார்வைக்கு நின்றவர். அவர் வரிசைகளுக்கு நடுவில் நடந்து வந்தால், துண்டுச்சீட்டு வைத்திருந்தவர்கள் அதை மென்று விழுங்கிவிடுவார்களாம். (என் மனைவி சொன்னது. மகள் சொல்வது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.) தனியாக, இங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். அந்த மாடிப்படியில்தான் வழுக்கி விழுந்தார். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஹாலில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். என் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவாள். இடையில் வீட்டில் அவரும் நானும்தான்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தால் இப்படித்தான் இருக்கும்:

"ஃபேன் போடவா அத்தை?"

"இருக்கட்டும் மாப்பிள்ளை."

"டீ?"

"இப்பதான் குடிச்சேன்."

அதோடு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மரியாதை என்றுதான் நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

3

இந்த நேரம் பார்த்துத்தான் எடிட்டர் பேட்டரி வேலையைக் கொடுத்தார். பென்சில் பேட்டரி, ரீசார்ஜ் செய்கிற ரகம். ஒரு பெட்டி எல்லோரும் பெயர் சொன்னவுடன் தலையாட்டும் கம்பெனியுடையது. இன்னொன்று சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரை ஒட்டி விற்பது, விலை பாதிக்கும் கீழே. பெட்டிக்கு நான்கு பேட்டரி. எது அதிக நேரம் உழைக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஓட்டிப் பார்க்க இரண்டு பொம்மை ரயில்கள் வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பேட்டரி போதும். வட்டத் தண்டவாளம். நீல ரயிலில் பெரிய கம்பெனி, மஞ்சள் ரயிலில் கடைச் சரக்கு. ஹால் தரையில், மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்டவாளங்களை மாட்டி வைத்தேன். வேறு இடம் இல்லை.

"அத்தை, உங்களுக்கு ஒரு வேலை."

"காலு இப்படிக் கெடக்கு."

"கண்ணுக்கும் கடிகாரத்துக்கும்தான் வேலை. எது எத்தனை மணிக்கு நிக்குதுன்னு குறிச்சாப் போதும்."

அவர் கட்டிலில் ஒருக்களித்து இரண்டு ரயிலையும் சற்று நேரம் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி ஓடுமா?"

"ஒரே கடைல வாங்கினது அத்தை."

"அது பதில் இல்ல. மொதல்ல ரெண்டுலயும் ஒரே கம்பெனி பேட்டரியைப் போட்டு ஓட்டுங்க. இல்லன்னா நீங்க ரயிலைத்தான் ஒப்பிடுவீங்க, பேட்டரியை இல்ல."

எனக்கு இது தோன்றவே இல்லை. அப்படியே ஓட்டினோம். இரண்டு நிமிட வித்தியாசம். "பாதகமில்ல" என்று அனுமதி தந்தார். ஒரு கோடு போட்ட நோட்டும் ஸ்கேலும் கேட்டார். சார்ஜரும் மிச்சப் பேட்டரிகளும் அவர் கைக்கு எட்டுகிற ஸ்டூலில் இருந்தன. தினமும் காலை ஒன்பதரைக்குத் தொடக்கம். மணிக்கு ஒருமுறை நான் வெளியே வந்து, ஐந்து நிமிடத்தில் ரயில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். இரண்டும் நின்றுவிட்டால் அன்றைய சோதனை முடிந்தது.

ஐந்து நிமிடம் சும்மா எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? அவர் பேச ஆரம்பித்தார்.

"ஒரு பொண்ணு, ஸ்கேல் பின்னாடி ஃபார்முலா எழுதிக்கிட்டு வந்திருந்தா."

"பிடிச்சுட்டீங்களா?"

"பாத்தேன். எழுதியிருந்ததே தப்பு. விட்டுட்டேன்."

"ஏன்?"

"அதைவிடப் பெரிய தண்டனை நான் என்ன குடுக்க?"

எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். ஐந்து நிமிடம் இருபதானது, இருபது முக்கால் மணியானது. நான் எழுதிய ஒரு கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல 'ஆகவே' ஏழு இருக்கு" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.

4

முடிவுகளுக்கு வருகிறேன்.

முதல் நாள் நீலம் ஐந்து மணி பத்து நிமிடம், மஞ்சள் நாலே முக்கால். இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதேதான். மூன்றாம் நாளிலிருந்து மஞ்சளுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மதியம் நீலம் நின்றபிறகும் அது தன்பாட்டுக்கு ஓடியது. மாலை என் மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணி நேரம். இப்படியே பதினான்கு நாள் சோதனையில் பதினொரு நாள்.*

* இரண்டு பேட்டரிகள் மீதும் கொள்ளளவு ஏறக்குறைய ஒரே எண்தான் அச்சாகியிருந்தது. ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு ஓடினால் எங்கோ கோளாறு என்று ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்கள்கூடச் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தோன்றவில்லை. நல்ல செய்தி வந்தால் நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

கட்டுரையை அனுப்பினேன். எடிட்டர் போனில் துள்ளினார். "அட்டைலயே போடுறோம். 'பாதி விலை, ரெட்டை உழைப்பு.' மேற்பார்வை செஞ்சது யாரு? அவங்க பேரும் போடலாம்."

மாமியாரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "பேரெல்லாம் எதுக்கு?" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

5

அட்டவணையைச் சரிபார்க்க நோட்டு வேண்டும் என்று எடிட்டர் கேட்டதால் அதைப் படமெடுக்க உட்கார்ந்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், முத்து முத்தான எண்கள். ஓரத்தில் சில தேதிகளுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. எண்ணினேன். பதினொன்று.

"இந்தப் புள்ளி என்ன அத்தை?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கெல்லாம் மாத்தினேன்."

"எதை?"

"பேட்டரியை. மஞ்சள் நின்னவுடனே, சார்ஜ் ஏறி இருந்ததுல ஒண்ணை எடுத்துப் போட்டேன்."

முப்பத்தோரு வருடம் காப்பி அடித்தவர்களைப் பிடித்தவர், செய்த தில்லுமுல்லைத் தானே தேதிவாரியாகப் பதிவு செய்திருக்கிறார். பொய்க் கணக்கு எழுதக் கை வந்திருக்கிறது, அடையாளம் வைக்காமல் எழுத வரவில்லை.

(இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே ஒரு சந்தேகம். முதல் வரைவில் இந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளை ஒருவர் உண்டு. எலும்பு டாக்டர். பெயரைச் சொன்னாலே எல்லோரும் தலையாட்டுவார்கள். நானோ பாதி விலைச் சரக்கு. அதனால் மாமியார் கடைச் சரக்கை ஜெயிக்கவைத்தது எனக்காகத்தான், அது அவர் சொல்லாமல் சொன்ன — இல்லை. அதை எழுதும்போது கண்ணெல்லாம் கலங்கியது, அதனாலேயே அடித்துவிட்டேன். அது பொய் என்பதும் ஒரு காரணம். ஏனென்றால் நான் அவரிடம் கேட்டேன்.)

"எதுக்கு அத்தை மஞ்சளுக்கு மட்டும்?"

"அதுதான் மொதல்ல நின்னுச்சு."

அவ்வளவுதான். என் ஒன்றரைப் பக்கமும் காலி.

நோட்டை மறுபடி பார்த்தேன். முதல் இரண்டு நாளுக்குப் புள்ளி இல்லை, சரி. நடுவில் ஒரு வியாழக்கிழமைக்கும் இல்லை. அன்று மஞ்சள் ஒழுங்காக நாலே முக்கால் மணி நேரத்தில் நின்றிருக்கிறது. அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று யோசித்தேன். அன்று நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். மதியம் போனவன் மாலைதான் வந்தேன்.

மஞ்சள் ஓடுகிற வரைக்கும் நான் மணிக்கு ஒருமுறை வெளியே வந்து உட்கார்வேன். இரண்டும் நின்றுவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். நான் வீட்டில் இல்லாத அன்று அதை ஓட்டவேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

நோட்டை மூடி வைத்தேன். அவரே கேட்டார். "பத்திரிகைக்கு அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"தப்பான விடை அச்சாகக்கூடாது மாப்பிள்ளை. நான்தான் பண்ணேன்னு சொல்லிடுங்க."

6

எடிட்டருக்குப் போன் செய்து முடிவுகள் தவறு என்றேன். எப்படி என்றார். பேட்டரி மாறிப்போய்விட்டது என்றேன்.

"யாரு மாத்தினது?"

"நான்தான், கவனமில்லாம."

கட்டிலில் இருந்து மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு ஹாலில் பார்க்கிற பார்வை. போனை வைத்தபிறகு, "அது பொய்யி" என்றார். "உங்க புள்ளியைப் போல நானும் ஒண்ணு வச்சுக்கிறேன் அத்தை" என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

மறுபடி சோதனை வைத்தோம். நான்கு நாள், காலையிலிருந்து ரயில் நிற்கும் வரை இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து. உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் தரையில், எங்கள் ரயிலில், பெரிய கம்பெனி இருபத்தைந்து நிமிடம் அதிகம் ஓடியது. பாதி செய்தித்தாள் படிக்கிற நேரம். நூறு தடவை சார்ஜ் செய்தபிறகு எது தாங்கும் என்று கேட்டால், தெரியாது. அதற்கு இன்னும் ஒரு கால் உடைய வேண்டும்.

எடிட்டர் படித்துவிட்டு, "இதுல எதைத் தலைப்பாப் போடுறது?" என்று கேட்டார். அந்த மாதம் அட்டையில் இஸ்திரிப் பெட்டி வந்தது.

7

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஒரு வாரம் ஹாலில் சுவரைப் பிடித்து நடந்து பழகினார். பிறகு, "நான் கிளம்புறேன்" என்றார். என் மனைவி இருக்கச் சொன்னாள். "அங்க செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தணும்" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு டாக்சி வரை போனேன். "பாத்துப் போங்க அத்தை" என்றேன். ஒன்பது வருடப் பழக்கம், அதற்குமேல் வாய் வரவில்லை.

மறுநாள் பத்தரைக்கு என்னையறியாமல் அறையை விட்டு வெளியே வந்தேன். ஹால் காலியாக இருந்தது. எதற்கு வந்தேன் என்று நினைவு வந்ததும் உள்ளே போக மனசில்லை.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புள்ளிகள் உட்பட. அவள் பையை மடியில் வைத்தபடியே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நாலு வருஷமா இங்கயே வந்துடும்மான்னு கூப்பிடுறேன். மாப்பிள்ளைக்கு இடைஞ்சல்னு சொல்லிடுவா. நீங்க ஒரு வார்த்தை கூப்பிடலையேன்னு இருந்திருக்கும்."

"இதை என்கிட்ட நீ சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிக்கொடுத்துக் கூப்பிடுறது கூப்பிடுறதா?"

போனை எடுத்தேன், வைத்தேன். மறுநாளும் எடுத்து வைத்தேன். பேசவேண்டியதைப் பேசத் தெரியாதவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் நானும் செய்தேன். எழுத உட்கார்ந்தேன்.

8

முடிவாக என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் அவர் பெட்டியோடு வந்து வாசலில் நிற்கிறார். நடக்காததை நடந்ததாக எழுதினால் அவரே சிவப்பு மையால் சுழித்துவிடுவார். இன்னொன்றில் அவர் வரவில்லை, நான் தனியாக ரயிலை ஓட்டிப் பார்த்துக்கொண்டு — வேண்டாம். அந்த அளவுக்கு நான் இன்னும் மோசமாகவில்லை.

வாசகரே, இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள், நன்றி. இனிமேல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். காதில் விழுந்தால் தப்பில்லை.

அத்தை, இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் கையில் தருகிறேன். உங்களைத் தில்லுமுல்லு செய்தவராக எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் இது வெளியே போகாது. 'ஆகவே'யை மட்டும் கவனமாகத் தவிர்த்திருக்கிறேன்.

எழுதுகிறவன் என்று பெயர், ஆனால் ஒரு வாக்கியத்தைச் சொல்ல இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். எங்களோடு வந்து இருக்கிறீர்களா? காலை நினைத்துக் கேட்கவில்லை, கால் நன்றாகிவிட்டது என்று தெரியும். உங்கள் மகளுக்காகவும் கேட்கவில்லை, அவள் தனியாகக் கேட்டுக்கொள்வாள். பகல் முழுக்க இந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. அதனால் கேட்கிறேன்.

முடியாது என்றாலும் சரி, காரணம் சொல்லவேண்டிய அவசியமில்லை. கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். முடிவை நீங்களே எழுதிவிடுங்கள். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.