கேட்டுவிட்டுப் போகிறவள்

எங்கள் வீட்டுப் பக்கச் சந்து வழியாகத்தான் பின்வீட்டுத் தையல்காரி தெருவுக்கு வருவாள், போவாள். தைக்கக் கொடுப்பவர்களுக்கும் அதே வழிதான். சந்து எங்களுடையது. மகன் கார் வாங்கிவிட்டான். அதை நிறுத்த அங்கே ஷெட் போட வேண்டும். அவளுக்கு வேறு வழி என்றால் சாக்கடையோரம் சுற்றிக்கொண்டு வருவதுதான். அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு எவள் துணி கொண்டுவருவாள்? "என் பிழைப்பே போயிடும்க்கா" என்று அழுதாள். அப்புறம் வக்கீலிடமும் போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம்! நானும் ஒரு வக்கீலைப் பிடித்தேன்.

"பழைய பத்திரத்துல நடைபாத்தியம்னு எழுதுவாங்க. இப்ப சட்டத்துல வசதியுரிமை" என்றார் அவர். "பேர் எதுவானாலும் சங்கதி ஒண்ணுதாம்மா. அடுத்தவங்க இடத்துல, யாரையும் கேக்காம, தன் உரிமைன்னு வருஷக்கணக்கா நடந்தா வழி பாத்தியமாயிடும். அந்தம்மா எப்படி நடந்தாங்க?"

"எப்படின்னா? கால்லதான்."

அவர் சிரிக்கவில்லை. "உங்களைக் கேட்டாங்களா?"

"கேக்காம? தினமும் சமையலறை ஜன்னல்கிட்ட நின்னு 'அக்கா, இப்படிப் போகட்டுமா?'ம்பா. 'போடி, போ'ம்பேன். அவ கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதே பாட்டுதான்."

"அப்ப உங்க அனுமதியில நடந்திருக்காங்க. அது உரிமையாகாது. கேஸ் உங்க பக்கம்."

கோர்ட்டுக்குப் போகுமுன்பே ஜெயித்த மாதிரிதான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். முறைத்துக்கொண்டு போயிருந்தால் வழி அவளுக்கு. மரியாதையாகக் கேட்டதால் ஒன்றுமில்லை. இது என்ன நியாயமோ!

மறுநாள் ஜன்னலருகே நின்றேன். துணிமூட்டையோடு வந்தவள், தலை நிமிராமல் விறுவிறுவென்று கடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய், நில்லுடி! வாயை அடகு வெச்சுட்டியா?"

திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "கேக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார்க்கா. இத்தனை நாள் கேட்டதையும் கோர்ட்ல இல்லைன்னு சொல்லணுமாம். நீங்க எதிர்ல நிப்பீங்களே, எப்படிக்கா சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. காரைத் தெருவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான், வைத்துக்கொள்ளட்டும். நடைபாத்தியத்தை முறையாக எழுதி, பதிவுசெய்து, அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை ஜன்னலில் நிழல்.

"அக்கா, இப்படிப் போகட்டுமா?"

"அதான் எழுதியே குடுத்தாச்சே! இன்னும் என்னடி கேள்வி?"

அவள் மூட்டையோடு அங்கேயே நின்றாள்.

"போடி, போ" என்றேன்.