சரிவில் நின்ற அமரர் ஊர்தி

அமரர் ஊர்தி ஓட்டுகிறவனை எல்லோரும் சைலன்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். "பின்னால படுத்திருக்கறவரே இவனைவிட நல்லாப் பேசுவாரு" என்று அலுவலகத்தில் கேலி நடக்கும். ஆனால் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்ததைப் பற்றி மட்டும் அவன் மேனேஜரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருந்தான். கார் படத்துக்குக் கீழே வளைந்த இரண்டு கோடுகள் போட்ட விளக்கு அது. டிராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் வழுக்கினால் எஞ்சினின் இழுவையைக் குறைத்து வண்டியை நிலைக்குக் கொண்டுவருகிற ஏற்பாடு. இந்த வண்டியில் அது வழுக்காத இடத்திலும் வழுக்குவதாக எண்ணிக்கொண்டு இழுவையைப் பிடித்து வைத்தது.

"லைட்டுதானே எரியுது? வண்டி ஓடுதில்ல? ஓட்டு" என்றார் மேனேஜர்.

அன்று காலையிலிருந்தே மழை. சவப்பெட்டியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் மனைவி முன்இருக்கையில் சைலன்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பெட்டியின் தலைமாட்டில் மூத்த மகன், கால்மாட்டில் இளைய மகன். இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பெட்டியைத் தூக்கி ஏற்றும்போதுகூட, "அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்க" என்று பெரியவன் தம்பியிடம் சொல்லாமல் சைலன்சரிடம் சொன்னான். கைக்கெட்டும் தூரத்தில்தான் தம்பி நின்றிருந்தான்.

மயானத்துக்குப் போகும் வழி கடைசியில் செங்குத்தாக ஏறும். ஒரு பக்கம் ஓடை, வளைவில் அதற்கொரு கைப்பிடிச் சுவர், மறுபக்கம் ஒற்றை ஆள் நடக்கிற மண் வரப்பு. மேட்டில் பாதி ஏறுவதற்குள் மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்க எஞ்சின் முனகியதே தவிர வண்டி நகரவில்லை. அந்த ஏற்பாட்டையே அணைத்துவைக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தான். அது எப்போதோ செத்துப்போன பொத்தான்.

"என்னாச்சு தம்பி?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் இறங்கிக்கங்க."

வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினான். விளக்கு அணைந்தது. சக்கரம் ஒரு சுற்று உருண்டதும் மறுபடி வந்தது. அப்படியானால் கோளாறு சக்கரத்தில்தான். மழையில் குப்புறப் படுத்துப் பார்த்தான். பின்சக்கரத்தின் வேகத்தை அளக்கிற சென்சாரில் சேறு அப்பியிருந்தது. அதன் ஒயர் இணைப்பு வெடித்துத் தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு சக்கரம் நின்றுவிட்டதாக வண்டிக்குப் பொய்த் தகவல் போய்க்கொண்டிருந்தது. துணியால் துடைத்து, வாயால் ஊதி, டேப் சுற்றினான். வண்டி நாலு அடி ஏறியது. பிறகு பழைய கதைதான்.

அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"வேற வண்டி எல்லாம் வெளில போயிருக்குய்யா. கூட வந்தவங்களத் தள்ளச் சொல்லு" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

தள்ள வேண்டாம், மேலே போய் ஆள் கூட்டி வரலாம் என்றுதான் சைலன்சருக்குத் தோன்றியது. அதற்குள் இளையவன் வரப்பில் இறங்கி, கதவுத் தூணில் தோளைக் கொடுத்து நின்றான். "ரெண்டு பேரும் இந்தப் பக்கமே நில்லுங்க சார். பின்னால மட்டும் யாரும் நிக்காதீங்க, வழுக்கும்" என்று சைலன்சர் உரக்கவே சொன்னான். பெரியவன் தலையை ஆட்டினான்.

ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது, கண்ணாடியில் மழை வழிந்தது. சைலன்சர் கியர் போட்டான். வண்டி ஒரு முழம் ஏறியது. விளக்கு மினுங்கியது, இழுவை செத்தது. பிரேக்கை மிதித்தும் சேற்றில் வண்டி பின்னால் சறுக்கிப் போய் எதிலோ முட்டி நின்றது. அதற்குப் பிறகுதான் அலறல் கேட்டது.

வளைவின் கைப்பிடிச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே பெரியவனின் கால் மாட்டியிருந்தது.

"அண்ணா!" என்று கத்திக்கொண்டு ஓடினான் இளையவன். அண்ணனின் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். சைலன்சர் வண்டியை எப்படி முன்னால் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. பாதம் இருந்த இருப்பைப் பார்த்ததும் அம்மா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

கீழிருந்து வந்த மண் லாரிக்காரர் பெரியவனை ஏற்றிக்கொண்டார். அம்மா நடுரோட்டில் நின்று வண்டியையும் லாரியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஒருத்தர் உள்ள கெடக்காரு, ஒருத்தன் இங்க கெடக்கான். நான் எங்கடா போவேன்?"

"நீ அண்ணன்கூடப் போம்மா. அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றான் இளையவன்.

லாரி போனது. மேலிருந்து குழி வெட்டுகிறவரும் அவருடைய மச்சானும் இறங்கி வந்தார்கள். நாலு பேராகப் பெட்டியைத் தோளில் வைத்து ஏறினார்கள். சொந்தம் என்று ஒருவன்தான். கணக்கு வாத்தியாரைச் சைலன்சர் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனாலும் குழியருகே இளையவன், "நீங்களும் போடுங்கண்ணே" என்றபோது அவன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டான்.

சாயங்காலம் மேனேஜர் அழைத்தார். "விசாரணைல லைட் எதுவும் எரியலன்னு சொல்லிடு. கால் வழுக்கி விழுந்தாருன்னு முடிச்சிரலாம். வண்டிய நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். வாகன ஆய்வாளர் வந்து சாவியைத் திருப்பியபோது அந்த மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. ஆய்வாளர் மறுபடி அணைத்துத் திருப்பினார். "சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒருவாட்டி எரிஞ்சு அணையணும். இது மட்டும் ஏன் எரியல? யாரு புடுங்கினது?"

மேனேஜர் சைலன்சரைப் பார்த்தார்.

"நான் இல்ல சார்" என்றான் சைலன்சர். எத்தனை தடவை சொன்னேன், என்ன பதில் வந்தது, பொத்தான் எப்போது செத்தது என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான். அன்றோடு அவனுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. நிறுவனத்தின் மேல் வழக்குப் பதிந்தார்கள். அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

பெரியவனுக்குக் கணுக்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். ஒருநாள் சைலன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசல் பெஞ்சில் இளையவன் கையில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தான்.

சைலன்சர் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றான். பெரியவனே பேசினான்.

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. அந்தப் பக்கம் நின்னா அவன் தோளோட தோள் ஒட்டி நிக்கணும். அதான் பின்னால போனேன்."

"தம்பி வெளிலதான் உக்காந்திருக்காரு சார்."

"தெரியும். தினமும் வரான்."

"கூப்பிடட்டுமா?"

பெரியவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சைலன்சர் வெளியே வந்தான். இளையவன் அவன் முகத்தைப் பார்த்தான். பையை நீட்டினான். சைலன்சர் அதை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனான்.