மருதாள் பார்த்த ஆட்டங்கள்

மாசி மாதம் மருதாளுக்குப் பக்கவாதம் வந்தது. சித்திரைக்குள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். வலது கையும் ஓரளவு சொன்னபடி கேட்டது. பேச்சும் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். திரும்பத்தான் செய்தது. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நெடுநேரம் பிடித்தது.

அந்த இடைவெளியில்தான் வினை வந்தது. அவள் "த..." என்று ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்ச் சொம்போடு ஓடி வருவாள். மருதாள் சொல்ல வந்தது தலையணையாக இருக்கும். வந்தவர் போனவர் எல்லோரும் அவள் வாக்கியத்தை முந்திக்கொண்டு முடித்துவைத்தார்கள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். அவள் கணவர் செந்தில்வேலும் அதையேதான் செய்தார். கொஞ்ச நாளில் மருதாள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். வேண்டும், வேண்டாம் என்பதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

செந்தில்வேல் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசி, சாம்பிள் அனுப்பி, ஆர்டர் கப்பலேறும்வரை கூடவே நிற்கும் வேலை. மகள் பெங்களூரில் இருந்ததால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பகலில் மருதாளுக்குத் துணையாக ஓர் அம்மாள் வந்து இருந்துவிட்டுப் போவாள். காலையும் மாலையும் செந்தில்வேல் பாடு.

வைகாசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. ஒரு பேஸ்பால் அணிக்கானது. அந்த அணியின் ஆட்டங்கள் பல வருடங்களுக்கு முன்பு முதன்முதலாக நாடு முழுவதும் டிவியில் தெரிந்ததைக் கொண்டாட, நெஞ்சில் ஒரு டிஷ் ஆன்டெனா படம் போட வேண்டும். பிரிண்டிங் யூனிட்டில் இப்போது மொட்டை மாடிகளில் இருக்கும் சின்ன டிஷ்ஷை அச்சடித்துக் கொடுத்தார்கள். செந்தில்வேலும் அதையே சாம்பிளாக அனுப்பிவிட்டார். வீடியோ காலில் பையர் தரப்புப் பெண் ரூத் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது இல்லை, செந்தில். அந்தக் காலத்து டிஷ் ஒரு அறை அளவுக்கு இருக்கும். எங்கள் பக்கத்துப் பண்ணையில் கோதுமைக் காட்டு ஓரம் ஒன்று நின்றது."

"கோதுமைக் காட்டுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் செந்தில்வேல்.

ரூத் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். முதலில் அந்த அணியின் முதலாளிகளுக்கு டிவி என்றாலே பயமாம். வீட்டிலேயே ஆட்டம் தெரிந்தால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்று, பேருக்கு ஒன்றிரண்டு ஆட்டங்களை மட்டும் உள்ளூர்ச் சேனலில் விட்டார்கள். பிறகு அந்தச் சின்னச் சேனல் துணிந்து செயற்கைக்கோளில் ஏறியது. அதோடு அணியும் ஏறியது. மைதானத்தைக் கண்ணால் கண்டிராத ஊர்களில், பக்கத்தில் எந்த அணியும் இல்லாத ஊர்களில், சாயங்காலம் ஆனால் அந்தப் பெரிய டிஷ்ஷில் பிடித்து இந்த ஆட்டம்தான்.

"என் அப்பா அந்த நகரத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. காரில் போனால் இரண்டு நாள் ஆகும். ஆனால் 'நம்ம டீம்' என்றுதான் சொல்வார். அப்புறம் பெரிய சேனல்கள் வந்து ஒளிபரப்பு உரிமையைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு வருடம் எங்கள் வீட்டு டிவியில் ஆட்டம் வரவில்லை. அப்பா ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாகத் தேடினார். சொல்லாமல் ஊரைவிட்டுப் போன சொந்தக்காரரைத் தேடுகிற மாதிரி."

இப்போது எல்லாம் போனிலேயே தெரிகிறது என்றாள். பழைய ஒளிபரப்புகளின் பதிவும் இருக்கிறதாம். டிஷ்ஷின் படத்தை அதிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று, தங்கள் கம்பெனிச் சந்தாவில் செந்தில்வேலுக்கும் ஒரு கணக்கை ஏற்படுத்திக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மருதாளுக்கு ராகிக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, ஒரு பழைய ஆட்டத்தை டிவியில் போட்டார். மங்கலான படம். தொடக்கத்தில் அந்த டிஷ் வந்தது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மருதாள் தலையணையை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வர்ணனை செய்தவர் வயதான மனிதர் போலிருந்தது. நிதானமாகப் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ கடலை விற்கும் கூவல் கேட்டது. சத்தம் போய்விட்டது என்று நினைத்து செந்தில்வேல் ரிமோட்டை எடுத்தார். மருதாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு... பேசுவாரு."

அவர் அசையாமல் நின்றார். மட்டையில் பந்து படும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் அந்த மனிதர் பேசினார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மருதாளின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

அன்று கம்பெனிக்குப் போகும் வழியெல்லாம் செந்தில்வேல், வெகு நாளுக்குப் பிறகு அவள் பேசிய அந்தச் சொற்களையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. இங்கே விடிகாலையாக இருக்கும்போது அங்கே ராத்திரி ஆட்டம் நடக்கும். மருதாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே டிவி முன்னால் வந்து உட்காருவாள். செந்தில்வேலுக்குப் பாதி ஆட்டத்தில் கிளம்ப வேண்டியிருக்கும். சாயங்காலம் வந்ததும் கேட்பார்.

"என்னாச்சு, மருதா? கெலிச்சாங்களா?"

"தோத்தாங்க," என்பாள். பிறகு மெதுவாக, "அந்தக் கட்டையா... இருப்பானே... அவன்... அடிக்கவே இல்லீங்க. பந்து... வீசறவன்... பாக்காதப்ப... அடுத்த மூலைக்கு... ஓடிட்டான்."

"அதெப்படி? அடிக்காம ஓடலாமா?"

"ஓடலாமுங்க."

அவர் குறுக்கிடவில்லை. குறுக்கிட முடியாது. அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது. கிரிக்கெட்டாக இருந்தால் அவள் வாயைத் திறக்கும் முன்பே முடித்திருப்பார். இதில் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கவே வழியில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், இத்தனை நாளும் தான் அவளிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குப் புரிந்தது. எழுந்து போய் இரண்டு டம்ளரில் காபி கலந்துகொண்டு வந்தார்.

டிஷ் படம் சரியாகி, ஆர்டர் தையலுக்குப் போயிற்று. ஆவணியில் செந்தில்வேலின் அக்கா சீனியம்மாள் தாராபுரத்திலிருந்து வந்தாள். மருதாளைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டாள். மத்தியானம் சோற்றைப் போட்டுப் பிசைந்து வைத்தாள்.

"நங்கை," என்று நாத்தனாரை அழைத்து ஆரம்பித்தாள் மருதாள். "எனக்கு... ர..."

"ரசமா சாமி? இதா ஊத்தறேன்."

"இல்லீங்க... ர..."

"ரவைப் பணியாரமா? சாயங்காலம் சுட்டுத் தர்றேன், கண்ணு. நீ சிரமப்படாத."

செந்தில்வேல் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மருதாள் இடது கையை உயர்த்தினாள். கோபமில்லை. ஆனால் கை இறங்கவில்லை.

"இருங்க, நங்கை. நான்... சொல்லி... முடிச்சுக்கறேன்."

சீனியம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு பஸ் ஹாரனடித்துப் போனது.

"எனக்கு... ரண்டு கையிலயும்... வளையல்... போட்டு உடுங்க. ஆசுபத்திரில... கழட்டுனது. கேட்டுட்டே... இருக்கறேன். ஆருக்கும்... கேக்கல."

சீனியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோவைத் திறந்து வளையல்களை எடுத்து வந்து, வலது கையில் முதலில் போட்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுப் போட்டாள். "ஏன்டா செந்திலு, நீயாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்று தம்பியைத் திட்டினாள்.

"நானுந்தானுங்கக்கா கேக்கல," என்றார் செந்தில்வேல்.

ஐப்பசியில் அந்த அணி கோப்பை வரை போய்த் தோற்றது. மருதாள் அன்று காலை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஷிப்மெண்ட் அதற்கு முன்பே போய்விட்டது. ஒரு நாள் காலை செந்தில்வேல் வேறு ஒரு சாம்பிளுக்காக வீட்டிலிருந்தே வீடியோ காலில் பேசியபோது, ரூத், ஆட்டம் பார்ப்பதாக அவர் முன்பே சொல்லியிருந்த மனைவியைப் பற்றிக் கேட்டாள். அவர் போனை மருதாளிடம் திருப்பினார்.

மருதாள் தமிழில்தான் பேசினாள். கடைசி ஆட்டத்தில் எங்கே பிசகிற்று என்று தன் கருத்தைச் சொன்னாள். வெகுநேரம் ஆயிற்று. ரூத் அந்தப் பக்கம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட நடுவில் "ஓகே" என்று சொல்லவில்லை. முடிந்ததும் செந்தில்வேல் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"சரியாகத்தான் சொல்கிறார்," என்றாள் ரூத். "அந்தப் பந்து வீச்சாளரை மாற்றியிருக்கக் கூடாது."

போனை வைத்ததும் மருதாள் கேட்டாள். "மறுக்கா... எப்பங்க... ஆரம்பம்?"

"பங்குனியிலீங்க," என்றார் அவர், விளையாட்டாக மரியாதை கொடுத்து. "அது வரைக்கும் என்ன பண்றது?"

"பழசு... கெடக்குதே. அந்தப் பெரியவரு... பேசறது," என்றாள் மருதாள். வளையல் குலுங்க ரிமோட்டைத் தேடி எடுத்தாள். செந்தில்வேல் கிளம்புவதற்காகப் போட்ட செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, இன்று கம்பெனிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் என்ன என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.