வாயால் ஊதிய பலூன்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஷூ கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் வெடித்த முதல் பலூன், "சோத்தப் போட்டு ஊட்டுக்கு அனுப்பப் போறானுவ" என்று சின்னபொண்ணுவின் குரலில் சொன்னது. சின்னபொண்ணு அப்போது கூடத்தில் இல்லை, கை கழுவப் போயிருந்தாள். ஆனால் அந்தச் சிவப்புப் பலூனை முந்தின நாள் அவள்தான் ஊதிக் கட்டினாள் என்பதைப் பலரும் பார்த்திருந்தார்கள். அன்று திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைக் கடலை விலை கொஞ்சம் ஏறியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் முதலில் அதைப் பேசினார்கள், பிறகு பலூனைப் பேசினார்கள்.

கம்பெனி விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது. ஷூவுக்கு மேல்பாகம் தைத்து எங்கேயோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கோலியனூர், கெடார், கிளியனூர் பக்கத்துப் பெண்களைக் கம்பெனி பஸ்கள் காலையில் அள்ளிக்கொண்டு வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடும். ஆயுத பூஜைக்குப் பொரி, பொட்டுக்கடலை, ஒரு ஸ்வீட் பாக்கெட். அதைத் தாண்டி அந்த நிர்வாகம் கையை நீட்டியதாக யாருக்கும் நினைவில்லை. இரண்டாவது டீயை நிறுத்தியதும் அதே நிர்வாகம்தான். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றுக்கும் சேர்த்து ஊழியர்களுக்குப் பார்ட்டி, பிரியாணி உண்டு, பாட்டு உண்டு, பரிசு உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போதாக்குறைக்கு நம் பக்கத்தில் பார்ட்டி என்றால் விருந்து மட்டுமில்லை, நிலத்தையோ மில்லையோ விலைபேச வருகிற ஆளும் பார்ட்டிதான். நோட்டீஸில் சொல்லியிருப்பது அந்தப் பார்ட்டியைத்தான், கம்பெனியை விற்கப்போகிறார்கள் என்று கட்டிங் பிரிவில் பாதிப்பேர் அடித்துச் சொன்னார்கள்.

ஏற்பாட்டையெல்லாம் ஆரோக்கியசெல்வியின் தலையில் கட்டினார்கள். கோலியனூர்க்காரி. மெஷினில் குனிந்து குனிந்து முதுகு போன பிறகு, அந்த வருஷம்தான் லைன் சூப்பர்வைசராகி, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியைக் கண்டிருந்தாள். பந்தல்காரரைப் பற்றிப் பேச எச்.ஆர். மேனேஜர் நெடுஞ்செழியன் கூப்பிட்டிருந்தார். அறைக் கதவருகே அவள் நின்றபோது அவர் போனில் சொன்னது காதில் விழுந்தது.

"பார்ட்டிய முடிச்சிட்டு எல்லாரையும் அனுப்பிடலாம் சார்."

அவ்வளவுதான். பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவதா, வேலையை விட்டே அனுப்புவதா? எந்தப் பண்டிதரைக் கூட்டிவந்து கேட்டாலும் அந்தச் சொல்லில் இரண்டும்தான் இருந்தது. போனை வைத்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் ஐஸ்கிரீமும் உண்டு என்று சொல்லிவிட்டு, "நம்மளோட இருக்கட்டும்மா" என்றார். ஐஸ்கிரீமைச் சொன்னாரா, போன் பேச்சைச் சொன்னாரா என்று அதிலும் ஒரு முடிச்சு.

தன் பாடு மட்டும் என்றால் செல்வி அதை விழுங்கிவிட்டிருப்பாள். பாஞ்சாலிதான் விழுங்கவிடவில்லை. பஸ்ஸில் எப்போதும் பக்கத்து சீட், கோலியனூரிலும் அடுத்த தெரு. பாஞ்சாலி வீட்டில் ஒரு கறவைப் பசு இருந்தது. எல்லாரும் வேலைக்குப் போவதால் பகலில் தண்ணீர் காட்ட ஆளில்லை, கம்பெனிச் சம்பளம்தான் வருகிறதே என்று அதை விற்கப் பார்த்தாள். தரகர் ராயப்பன் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பார்ட்டிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் பஸ்ஸில் பாஞ்சாலி நேராகவே கேட்டாள்.

"கம்பெனி இருக்குமா செல்வி? நீ ஆபீசுக்குள்ள போயிக்கினு வந்துக்கினு இருக்கிற."

"எனக்கின்னாக்கா தெரியும்" என்றாள் செல்வி. பேச்சு வெளியே போனால் யார் வாயிலிருந்து போனது என்று தெரிந்துவிடும், நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் பாஞ்சாலிக்குப் பாலும் இல்லாமல் கூலியும் இல்லாமல் போகலாம். அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் வேறு பேச்சையே பேசிக்கொண்டு வந்தாள்.

பலூன்கள் அதற்குள் ஊர் வம்பை எல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தன. திண்டிவனத்தில் வாங்கிய பலூன் பையோடு இனாமாக வந்த பம்பு உடைசலாக இருந்ததால், பெண்கள் வாயாலேயே ஊதி ஜன்னல் கம்பிகளில் கட்டியிருந்தார்கள். தகரக் கூரைச் சூட்டில் அவை ஒவ்வொன்றாக வெடித்தன. ஊதியவர் உள்ளே எதை அடக்கி வைத்திருந்தாரோ அது அவர் குரலிலேயே வெளியே வந்தது. ஆட்டுக்கறி என்று சொல்லிக் கோழியைத்தான் போடுவான்கள் என்றது ஒன்று. வெண்ணிலாவின் பலூன் கட்டிங் ரஞ்சித்தின் பெயரை மட்டும் சொல்லி அடங்கியது. யாருக்கும் ஆச்சரியமில்லை, ரஞ்சித் மட்டும் இரண்டு நாள் லீவு போட்டான். நிர்வாகம் பயந்துபோய்ப் புதுப் பம்பு வாங்கி அனுப்பியது. பம்பால் ஊதியவை டப்பென்று வெடித்ததோடு சரி. மனசில்லாத காற்றை எதற்கு அடைக்கிறார்கள் என்று அதிலும் ஒரு சந்தேகம் கிளம்பியது. செல்வி ஒரு பலூனைக்கூட வாயில் வைக்கவில்லை என்பதையும் சிலர் கவனித்தார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் பேச்சு நின்றது.

சனிக்கிழமை பார்ட்டி நடந்தது. ஆட்டுக்கறி பிரியாணியே போட்டார்கள், அது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. சாப்பிட்டு முடித்ததும் சின்னபொண்ணு எழுந்துபோய் நெடுஞ்செழியனிடம் ஒரு மஞ்சள் பலூனை நீட்டி, சார் நீங்க ஒண்ணு ஊதுங்க என்றாள். வீசிங் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கூடம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேறு வழியில்லாமல் ஊதினார். சின்னபொண்ணு ஊக்கால் குத்தினாள். பலூன் இங்கிலீஷில் பேசியது. அதுவும் மளமளவென்று பேசிவிட்டு அடங்கியது. டிசம்பர் என்றது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, டிஸ்மிஸ் என்றது என்று மற்றவர்கள் சொன்னார்கள். நெடுஞ்செழியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் பாஞ்சாலி பரிசாகக் கிடைத்த டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ராயப்பன் வந்துவிடுவார், பசுவுக்குக் கடைசியாக ஒருதரம் கேப்பைக்கூழ் கரைத்து வைக்க வேண்டும் என்றாள். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. செல்வி கைப்பையைத் துழாவி ஒரு பச்சைப் பலூனை எடுத்தாள். மூச்சு முட்ட ஊதி, முடிச்சுப் போட்டு, பாஞ்சாலி கையில் கொடுத்தாள். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அதையும் கொடுத்தாள். பாஞ்சாலி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குத்தினாள்.

"பார்ட்டிய முடிச்சிட்டு எல்லாரையும் அனுப்பிடலாம்னு போன்ல சொன்னாருக்கா. இன்னா அர்த்தம்னு தெரியல. நாற்காலி போயிடும்னு பயந்துக்கினு சொல்லல. பசுவ விக்காத."

பஸ் முழுக்கக் கேட்டது. டிரைவர் பாட்டை நிறுத்தினார். பாஞ்சாலி கிழிந்த ரப்பரை டிபன் கேரியருக்குள் போட்டு மூடினாள்.

"வாயி இருக்குதே செல்வி" என்றாள். "ஒரு வாரமா எம் பக்கத்துலதான குந்திக்கினு வந்த."

மறுநாள் ராயப்பன் வெறுங்கையோடு திரும்பினார். திங்கட்கிழமை போனபோது செல்வியின் நாற்காலி அங்கே இல்லை. பழைய மெஷினும் பழைய ஸ்டூலும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஜனவரியில் கம்பெனியை மூடவில்லை, அடுத்த ஜனவரியிலும் மூடவில்லை. நெடுஞ்செழியன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அனுப்பிடலாம் என்றால் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பார்ட்டி மட்டும் வருஷா வருஷம் நடக்கிறது, ஒவ்வொரு வருஷமும் ஜனங்கள் அதே பயத்தோடுதான் கைநனைக்கிறார்கள்.

பசு அதற்குள் இரண்டு கன்று போட்டுவிட்டது. பாஞ்சாலி சீம்பாலைச் செல்வி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் அவளுக்குத்தான் இடம் பிடித்து வைக்கிறாள். மழை, மகள் படிப்பு, மாப்பிள்ளை வீடு என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். உண்மையாகவே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மட்டும் பாஞ்சாலி கேள்வியைச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பலூனை எடுத்து நீட்டுகிறாள். செல்வியும் வாங்கி ஊதுகிறாள்.