சித்தப்பாவின் துடக்கு

மார்க்கண்டுவுக்கு வேறு சொத்து இல்லை. சித்தப்பா பொன்னம்பலம் ஒருவர்தான் இருந்தார். அவரை வைத்துத்தான் பதினொரு வருடமாகக் குடும்பம் சாப்பிட்டது.

திருவிழாக்களில் மேளக்கச்சேரி முடிந்து, வில்லுப்பாட்டுக்காரர் வெற்றிலை துப்பிவிட்டு எழும்பும்வரை வீதியில் பாய் விரித்திருக்கும் சனத்தைக் கலையாமல் வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். மார்க்கண்டு மைக்குக்கு முன்னால் தனியே நின்று பகிடி சொல்லிச் சிரிக்க வைப்பான். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் அந்த உழைப்பு. மிச்ச மாதங்களுக்கும் அடுப்பு எரிவது அதில்தான்.

அரசியல்காரரைப் பகிடி பண்ணினால் பாதிச் சனம் முறைக்கும். வாத்திமாரைப் பண்ணினால் வாத்திமார் முறைப்பார்கள். சித்தப்பாவைப் பண்ணினால் ஒருவருக்கும் நோகாது. சித்தப்பாவுக்கு நோகும். அதை ஆர் பார்த்தது?

பக்கத்து வளவுக்காரர் அவர். வருடா வருடம் எல்லை வேலியை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளிக் கட்டுவார். அவருடைய இருமல், வேலிக் கதியாலை முழம் போட்டு அளக்கும் விதம், சாமி கும்பிடும்போதும் ஒரு கண்ணைச் செருப்பில் வைத்திருப்பது, எல்லாம் மேடைக்கு வரும். "இவர் வேறை ஆருமில்லை, என்ரை சொந்தச் சித்தப்பா! ஐயாவோடை கூடப்பிறந்தவர்!" என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணித்தான் தொடங்குவான். இட்டுக்கட்டின கதை என்று தெரிந்தால் சனம் பல்லைக் காட்டாது.

எழுபத்துநாலாம் ஆண்டு, கோப்பாயில் கொடியேற இரண்டு நாள் இருக்கும்போது சித்தப்பா செத்துப்போனார். ஆயுளில் ஒரு உதவியும் செய்யாத மனிசன் நாள் பார்த்துச் செத்தார் என்றுதான் மார்க்கண்டு நினைத்தான். தகப்பனுடைய தம்பி என்றால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வீதியில் கால் வைக்க ஏலாது. கோப்பாய், நீர்வேலி, சண்டிலிப்பாய், மூன்று திருவிழாவும் அந்த முப்பத்தொரு நாளுக்குள் வருகின்றன. மூன்றும் போனால் அந்த வருடமே போனது.

செத்தவீட்டுக்குப் போகாமல், சைக்கிளை உழக்கிக்கொண்டு கோயில் மணியம் சோமசேகரத்தின் படலையில் போய் நின்றான்.

"உள்ளுக்கு வராதை. உதிலை நிண்டு கதை," என்றார் மணியம்.

"ஐயா, நாங்கள் அந்தாளோடை முகம் முழிக்கிறேல்லை. கதை பேச்சு இல்லாத இடத்திலை என்ன துடக்கு?"

"பொன்னம்பலம் உனக்கு என்ன முறை?"

"தூரத்துச் சொந்தம்."

"எவ்வளவு தூரம்?"

"அவருக்கும் என்ரை ஐயாவுக்கும் தகப்பன் வேறை எண்டு ஒரு கதை இருக்கு, ஐயா."

"எட பாவி, செத்துப்போன அப்பாச்சியின்ரை மானத்தையும் வித்துப்போட்டியே! போன வரியம் எங்கடை வீதியிலை ஐஞ்ஞூறு சனத்துக்கு முன்னாலை நெஞ்சிலை அடிச்சு என்ன சொன்னனி?"

"அது பகிடிக்குச் சொன்னது."

"ஊர் நம்பீட்டுது. உன்னை ஏத்தினால், துடக்குக்காரனை ஏத்தினான் மணியம் எண்டு ஐயர் கொடிக்கயித்தை விட்டிட்டுப் போயிடுவார். வில்லுப்பாட்டை வெள்ளனத் தொடங்கச் சொல்லுறன். நீ போய்ச் செத்தவீட்டிலை நில். உன்னை அங்கை காணேல்லையெண்டு சனம் கதைக்குது."

மணியம் சொன்னால் மற்ற இரண்டு கோயிலுக்கும் காற்றுவாக்கில் போய்விடும். மார்க்கண்டு போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தான். கனமான மனிசன்.

மூன்றாம் நாள் தொடங்கியது மற்ற வில்லங்கம். சித்தப்பா வீட்டில் அழுதுவிட்டு வந்த சனம் வேலியில் பிரிந்த பொட்டால் நுழைந்து இவன் வீட்டிலும் குந்தியது. "எங்களுக்கும் கவலைதான் மார்க்கண்டு," என்று தொடங்கும். தேத்தண்ணி குடிக்கும். பிறகு, "கோயிலிலையும் இந்தமுறை கேக்கக் கிடைக்கேல்லை. அந்தாள் செருப்பைப் பாத்துக் கும்பிடுறதை ஒருக்காச் செய்து காட்டன்," என்று கேட்கும். துக்கம் விசாரிக்க வந்தவரைப் போ என்று சொல்லுவது எப்படி? செய்து காட்டினான். சிரித்து, கண்ணைத் துடைத்து, "நல்ல மனிசன்" என்று சொல்லிவிட்டு எழும்பினார்கள். மேடையில் நிற்பதைவிடக் கூடுதலான நேரம் முற்றத்தில் நின்றான். சீனிக்குக் கூப்பன் காலம். பெண்சாதி குணலட்சுமி தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைத் தறித்துத் தறித்து வைத்தாள்.

எட்டாம் நாள் பின்னேரம் அவள் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நீர்வேலியிலையிருந்து ஆக்கள் வந்திருக்கினம். துக்கம் விசாரிக்கவாம்."

"எத்தினை பேர்?"

"எண்ணேல்லை. பாயும் கொண்டு வந்திருக்கினம்."