நாலு மடிப்பு

...இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று தெரிந்துதானே வந்தாள், பிறகு ஏன் மைக் கம்பியைத் திருகிக்கொண்டு நிற்கிறாள், நல்லவேளை, ரயில் வருகிறது, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகப் புத்தக வெளியீட்டுக் கூட்டம் வைத்தால் இது ஒரு வசதி, ரயில் கடந்து முடியும்வரை யாரும் பேசமாட்டார்கள், கேட்டவரான நாகேந்திரமும் மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார், அவர் கேட்டது இவ்வளவுதான். "மிதுனா, உங்கட நாவலில வாற ராட்சசன் அடிக்கிறதுக்கு முதல் சட்டைக் கையை வடிவா மடிக்கிறான் எல்லோ, அதை எங்கயிருந்து பிடிச்சனீங்கள்?" எங்கேயிருந்து... முன்வரிசையில் மூன்றாவது கதிரையிலிருந்து. அப்பா அங்கேதான் இருக்கிறார், இரத்மலானையிலிருந்து பஸ் ஏறி எல்லாருக்கும் முந்தி வந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "ஏழு கடலுக்கு அங்கால கிளிக்குள்ள உயிரை ஒளிச்சு வச்ச ராட்சசன்ர கதை, சின்னனில நான்தான் இவளுக்குச் சொன்னனான்" என்று பெருமையடித்துக்கொண்டு. பொய்யில்லை, அவர் சொன்ன கதைதான், அவர் ராட்சசனாக உறுமும்போது அவள் வயிறு நோகச் சிரித்திருக்கிறாள். கதை சொல்லாத நாட்களில் அதே கைகள், முதலில் இடது, பிறகு வலது, முழங்கை வரைக்கும் நாலு மடிப்பு, அவசரமே இல்லாமல், அது முடியும்வரை அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பா, அம்மா செத்து ஆறு வருஷம், யாரிடமும் ஒரு சொல் சொல்லாமலே போய்விட்டா. அதனால்தான் எழுதினாள். வாசித்துவிட்டு அவர் துடிக்க வேண்டும் என்றுதான் எழுதினாள், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை என்று தெரிந்த தைரியத்தில் எழுதினாளோ?

கடைசிப் பெட்டியும் போகிறது. இதோ இவரிடமிருந்துதான், என் அப்பாவிடமிருந்து, அவ்வளவு சொன்னால் போதும், கிளியின் கழுத்து இப்போது அவள் கையில். மண்டபத்தில் ஒரே புழுக்கம், அப்பாவின் சட்டைக் கைகள் முழங்கை வரை ஏறியிருக்கின்றன, எப்போது மடித்தார்... இல்லை, அவிழ்க்கிறார், ஒவ்வொரு மடிப்பாக இறக்குகிறார், ஒரு மணிக்கட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டு மற்றதைத் தேடுகிறார். அப்படியென்றால் அவருக்கு விளங்கிவிட்டது. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சும்மா... கற்பனைதான், சேர்" என்கிறாள்.

முதலில் கைதட்டுகிறவர் அப்பா, ஒரு கை பூட்டியும் மற்றக் கை பூட்டாமலும். பாவம், வயதுபோன மனிதர், இரங்கித்தான் விட்டுவிட்டேன் என்று நினைத்துப் பார்க்கிறாள், நினைக்க ஆறுதலாகத்தான் இருக்கிறது... ஆனால் முதுகில் ஏன் இப்படிக் குளிர்கிறது, மைக்குக்கு முன்னால் நின்றவள் எப்போது பின்வாங்கி இந்தச் சுவரோடு வந்து ஒட்டிக்கொண்டாள்?